மெயின் ஓடாததால் நிரம்பாத மதிப்புகள்: எஃப் ஷார்ப் யூனிட் டெஸ்டில் நல் ஏன் வருகிறது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கும் ஒரு கமிஷன் கடைக்காக எஃப் ஷார்ப் (F#) என்ற நிரல்மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிவரும் மதுரை நண்பர் ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய நிரலில் ‘விலை’ என்ற மாட்யூல், அதாவது தொடர்புடைய வரையறைகளின் தொகுப்பு, இருக்கிறது. அதன் மேல்மட்டத்தில் மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி ஆகியவற்றின் கிலோ விலையைத் தாங்கிய ஒரு மேப் (பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணை), கமிஷன் சதவீதமாக 10 என்ற எண், எடையையும் பூவின் பெயரையும் வாங்கிக்கொண்டு விவசாயிக்குச் சேர வேண்டிய தொகையைச் சொல்லும் ஒரு ஃபங்ஷன் ஆகியவை வரையறுக்கப்பட்டுள்ளன. நிரலை நேரடியாக இயக்கினால் தொகை சரியாக வருகிறது. எக்ஸ்யூனிட் என்ற சோதனைக் கருவி கொண்டு அமைத்த டெஸ்ட் புராஜெக்டிலிருந்து அதே ஃபங்ஷனை அழைத்தால், நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஒன்றைப் பயன்படுத்த முயன்றதைச் சொல்லும் நல்ரெஃபரன்ஸ்எக்ஸெப்ஷன் என்ற பிழை எழுகிறது. நிரலை இடையில் நிறுத்தி ஆராய உதவும் டிபக்கரில் பார்த்தால் விலை மேப் நல் என்று காட்டுகிறது, ஆனால் கமிஷன் சதவீதம் மட்டும் 10 என்றே இருக்கிறது. நல் தொல்லையிலிருந்து தப்பிப்பதற்காகவே ஃபங்ஷன்களைக் கோத்து நிரல் எழுதும் ஃபங்ஷனல் மொழிக்கு வந்ததாகவும், ஒருமுறை வரையறுத்தபின் மாற்றவே முடியாத ஒரு மதிப்பு எப்படி நல் ஆக முடியும் என்றும் அவர் கேட்கிறார்.

உங்கள் ஃபங்ஷனிலோ மேப்பிலோ பிழை ஏதும் இல்லை. நீங்கள் சோதிக்கும் புராஜெக்ட் லைப்ரரியாக (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோப்பாக) அல்லாமல், நேரடியாக இயங்கும் எக்ஸ்இ கோப்பாகக் கம்பைல் ஆகிறது என்பதே காரணம். எக்ஸ்இ ஒன்றில் மாட்யூல் மேல்மட்ட மதிப்புகளை நிரப்பும் வேலை, அந்த எக்ஸ்இ ஓடத் தொடங்கும் இடமான மெயின் ஃபங்ஷன் தொடங்கும்போது அதன் முதல் செயலாக நடைபெறுகிறது. டெஸ்டுகளை ஓட்டும் கருவியான டெஸ்ட் ரன்னர் உங்கள் எக்ஸ்இயை ஒரு லைப்ரரியைப் போல ஏற்றிக்கொண்டு உள்ளிருக்கும் ஃபங்ஷனை நேராக அழைக்கிறது. மெயின் ஓடுவதே இல்லை. ஆகவே நிரப்பும் வேலையும் நடப்பதில்லை. கடையின் முன் ஷட்டரைத் திறக்கும்போதுதான் கணக்குப்பிள்ளை அன்றைய விலையைப் பலகையில் எழுதுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வாசல் வழியாக உள்ளே வந்து பலகையைப் பார்ப்பவருக்கு அது வெறுமையாகவே தெரியும்.

இந்த நடத்தை, நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கம்பைலரின் குறைபாடு அல்ல, எஃப் ஷார்ப் மொழி வரையறையிலேயே எழுதப்பட்டுள்ள விதி. டிஎல்எல் ஆகக் கம்பைல் ஆகும் லைப்ரரிக்கு வேறு விதி பொருந்துகிறது: ஒரு கோப்பிலுள்ள மதிப்புகளில், நிரப்ப வேண்டிய தேவையுள்ள ஏதேனும் ஒன்றை யாராவது முதன்முறையாகத் தொடும் கணத்தில் அந்தக் கோப்பின் மதிப்புகள் நிரம்புகின்றன. லைப்ரரியில் ‘தேவைப்படும்போது’ என்பது விதி, எக்ஸ்இயில் ‘மெயின் தொடங்கும்போது’ என்பது விதி. இந்த இரண்டாம் விதிக்கு நியாயம் உண்டு. மேல்மட்டத்தில் திரையில் எழுதும் வரிகளோ கோப்பைத் திறக்கும் வரிகளோ இருந்தால், புராஜெக்டில் கோப்புகள் அடுக்கப்பட்டுள்ள வரிசைப்படி அவை ஓட வேண்டும் என்பதுதான் ஒரு நிரலை எழுதுபவரின் எதிர்பார்ப்பு. அந்த வரிசையை உறுதி செய்வதற்காகவே எல்லாக் கோப்புகளின் தொடக்க வேலையும் மெயினின் தலையில் கட்டப்பட்டுள்ளது. ஐஎல்ஸ்பை போன்ற கருவியால் உங்கள் எக்ஸ்இயைப் பிரித்துப் பார்த்தால், ‘ஸ்டார்ட்டப்கோடு’ என்ற சொல்லில் தொடங்கும் பெயருடைய வகுப்புகளை நீங்களே காணலாம். நீங்கள் மாட்யூலில் எழுதிய மேப்பை உண்மையில் உருவாக்கும் நிரல் அங்கேதான் இருக்கிறது.

மாற்ற முடியாத மதிப்பு எப்படி நல் ஆகும் என்ற கேள்விக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. அந்த மதிப்பு மாறவில்லை, இன்னும் பிறக்கவில்லை. எஃப் ஷார்ப் ஓடும் டாட்நெட் இயங்குதளத்தில் நிலையான புலம் (மாட்யூல் மதிப்பு சேமிக்கப்படும் இடம்) ஒவ்வொன்றும் நிரப்பப்படுவதற்கு முன் பூஜ்ஜிய நிலையில்தான் இருக்கும். மேப் போன்று, வேறிடத்தில் உள்ள பொருளைச் சுட்டும் ரெஃபரன்ஸ் வகைகளுக்கு அந்தப் பூஜ்ஜியம் நல். எஃப் ஷார்ப்பின் வகை அமைப்பு, “இந்த மேப் ஒருபோதும் நல் ஆகாது” என்று சொல்வது, மொழியின் விதிப்படி நிரப்பும் வேலை நடந்து முடிந்திருக்கிறது என்ற அடிப்படையில்தான். ஹாஸ்கல் மொழியில் மேல்மட்ட மதிப்பு ஒவ்வொன்றும் தேவைப்படும் கணத்தில் கணக்கிடப்படுவதால் இந்தச் சிக்கலே எழாது. ஆகையால் ஃபங்ஷனல் மொழி என்பதால் நீங்கள் வைத்த எதிர்பார்ப்பில் தவறில்லை. ஆனால் எஃப் ஷார்ப், ஓகாமல் மொழியின் சிந்தனையை டாட்நெட்டின் மேல் கட்டிய மொழி. 1965இல் டோனி ஹோர் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக வடிவமைத்த நல் ரெஃபரன்ஸ், அந்தத் தளத்தின் அடியில் இன்னும் இருக்கிறது.

கமிஷன் சதவீதம் மட்டும் ஏன் தப்பியது என்பதை நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் பலரைத் திசைதிருப்புவது இதுதான். 10 போன்ற எண்ணும், மேற்கோள் குறிக்குள் நேரடியாக எழுதிய சொல்லும் கம்பைல் நேரத்திலேயே தெரிந்துவிடும் மாறிலிகள். அவற்றை எங்கும் சேமித்து வைத்துப் பின்னர் நிரப்ப வேண்டிய தேவை இல்லாததால், கேட்கும் இடத்திலேயே மதிப்பு கிடைத்துவிடுகிறது. உள்ளீடு பெறும் ஃபங்ஷன்களும் அப்படியே. பெயருக்கு அடுத்து உள்ளீட்டை எழுதி வரையறுத்த ஃபங்ஷன், அழைக்கும்போது ஓடும் ஒரு மெத்தடாகக் கம்பைல் ஆகிறது, மெத்தடை நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் மேப், லிஸ்ட், ரெக்கார்டு, ஒரு கணக்கின் விடையாக வரும் எண், கோப்பிலிருந்து படித்த சொல் ஆகியவை யாராவது ஓடி உருவாக்க வேண்டிய மதிப்புகள். இதனால் ஒரே மாட்யூலில் பாதிப் பெயர்கள் சரியாகவும் பாதிப் பெயர்கள் நல்லாகவும் தெரியும். அப்போது மாட்யூல் ஒழுங்காக ஏறிவிட்டது, மேப் மட்டும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, மேப்பை உருவாக்கும் வரியையே மணிக்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபங்ஷனல் நடையில் எழுதுபவர்களுக்கென்றே காத்திருக்கும் ஒரு பொறி இதில் உண்டு. உள்ளீட்டின் பெயரைச் சொல்லாமல், ஏற்கெனவே இருக்கும் ஃபங்ஷன்களைப் பாதி நிரப்பியோ ஒன்றோடொன்று கோத்தோ புதிய ஃபங்ஷனை வரையறுப்பது நம்மில் பலருக்குப் பிடித்த வழக்கம். ‘மொத்தத்தொகை’ என்பதை, ‘லிஸ்ட்டின் ஒவ்வோர் உறுப்பையும் தொகையாக மாற்று, பின் கூட்டு’ என்ற இரண்டு செயல்களைக் கோர்வைக் குறியால் (>>) இணைத்து ஒரே வரியில் எழுதிவிடுவோம். படிப்பதற்கு அது ஃபங்ஷனாகத்தான் இருக்கிறது, அழைக்கும் விதமும் ஃபங்ஷனைப் போன்றதே. ஆனால் கம்பைலரின் கண்ணில் அது ஒரு மதிப்பு, அதாவது ஓடும் நேரத்தில் உருவாக்கிச் சேமிக்க வேண்டிய ஃபங்ஷன் பொருள். மெயின் ஓடாத டெஸ்டில் அதுவும் நல்லாகவே இருக்கும், அழைத்தவுடன் எக்ஸெப்ஷன் எழும். அதே வரியில் இடப்பக்கம் ‘வரவுகள்’ என்ற உள்ளீட்டுப் பெயரைச் சேர்த்து, வலப்பக்கம் அதைக் குழாய்க் குறி (|>) வழியாக அனுப்பி எழுதினால் அது மெத்தடாகிவிடும், டெஸ்ட் ஓடும். இரண்டும் கணித நோக்கில் ஒன்றே என்று பாடத்தில் படித்தவருக்கு, ஒன்று ஓடி மற்றொன்று விழுவது பெரும் குழப்பத்தைத் தருகிறது. கணிதத்தில் அவை ஒன்றுதான், ஆனால் எப்போது உருவாகின்றன என்ற கேள்வி கணிதத்தில் எழுவதில்லை.

எக்ஸெப்ஷன் எழுந்தால் அதை நல்வாய்ப்பு என்றே கொள்ளுங்கள். எழாமல் போகும் இடங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. முகூர்த்த நாட்களில் விலையோடு சேர்க்க வேண்டிய கூடுதல் தொகையை, நாள்காட்டிக் கோப்பைப் பார்த்துக் கணக்கிட்டு மேல்மட்டத்தில் ஓர் ஆப்ஷன் மதிப்பாக (இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று குறிக்கும் வகை) வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம்: முகூர்த்தம் என்றால் சம் (Some) என்ற உறைக்குள் தொகை, இல்லையென்றால் ‘எதுவுமில்லை’ என்ற பொருளில் நன் (None). எஃப் ஷார்ப்பில் நன் என்ற மதிப்பு இயங்கும் நேரத்தில் நல் ஆகவே வைக்கப்படுகிறது. இது மொழியை வடிவமைத்தவர்கள் வேகத்துக்காகத் தெரிந்தே எடுத்த முடிவு. ஆகவே நிரப்பப்படாத ஆப்ஷனையும் உண்மையான நன்னையும் டெஸ்டால் பிரித்தறிய முடியாது. உங்கள் டெஸ்ட் “இன்று முகூர்த்தம் இல்லை” என்ற கிளையில் அமைதியாக நடந்து, வெற்றியைக் குறிக்கும் பச்சை நிறத்தில் முடியும். கணக்கிட்டு வரும் முழு எண் 0 ஆகவும், உண்மை பொய் மதிப்பு பொய்யாகவும் இதேபோல் தோன்றும். இறக்குக்கூலியை வேறு இரண்டு எண்களிலிருந்து கணக்கிட்டு வைத்திருந்தால், டெஸ்டில் அது 0 ஆகி, ‘கழிவு போக மீதி’ சரியென்று தோன்றும் ஒரு தொகையைத் தரக்கூடும். டெஸ்ட் எழுதியவர் வந்த விடையையே எதிர்பார்ப்பு விடையாக நகலெடுத்து வைத்துவிட்டால், தவறான கணக்குக்கு அந்த டெஸ்டே சான்றிதழாகிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டிபக்கரில் ஓர் ஆப்ஷன் நல் என்று தெரிந்தவுடன் பதற வேண்டாம், அது முறையான நன்னாகவே இருக்கலாம். யூனிட் என்ற வெற்று மதிப்பும் அப்படியே நல்லாகத் தெரியும். லிஸ்ட், மேப், செட் ஆகியவற்றில் வெறுமையானதும் ஒரு முழுப் பொருளே என்பதால் அவை நல் என்று தெரிந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

காரணம் இதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வது எளிது. விலை மாட்யூலின் மேல்மட்டத்தில், மேப்புக்கு முந்தைய வரியில், திரையில் ஒரு சொல்லை அச்சிடும் வரியைத் தற்காலிகமாகச் சேருங்கள். நேரடியாக இயக்கும்போது அந்தச் சொல் முதலில் அச்சாகி, டெஸ்டில் அச்சாகவே இல்லை என்றால் நிரப்பும் வேலை நடக்கவில்லை என்பது உறுதி. எக்ஸ்யூனிட் திரை வெளியீட்டைத் தானாகக் காட்டாது என்பதால் கோப்பில் எழுதச் செய்வது இன்னும் நல்லது. மேப் நல்லா என்று டெஸ்டுக்குள்ளேயே சோதிக்க முயன்றால் கம்பைலர் மறுக்கும், ஏனெனில் அந்த வகைக்கு நல் உரிய மதிப்பல்ல என்பது அதன் நிலைப்பாடு. மதிப்பை ‘பாக்ஸ்’ என்ற ஃபங்ஷனுக்குள் கொடுத்துப் பொதுவான ஆப்ஜெக்ட் வகையாக்கி, பிறகு ‘இஸ்நல்’ கொண்டு கேட்டால் விடை கிடைக்கும். நோயறிவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். இத்தகைய சோதனைகளை நிரல் முழுவதும் தெளித்து வைப்பது தீர்வாகாது. மேப் நல்லாக இருந்தால் வெறும் மேப்பை எடுத்துக்கொள் என்று எழுதிவிட்டால், எக்ஸெப்ஷன் மறைந்துவிடும், தவறான தொகை மட்டும் மிஞ்சும்.

தீர்வு புராஜெக்டைப் பிரிப்பது. விலை, வரவு, கழிவு, பட்டியல் ஆகிய எல்லா மாட்யூல்களையும் ஒரு லைப்ரரி புராஜெக்டுக்கு நகர்த்துங்கள். எக்ஸ்இ புராஜெக்டில் மெயின் இருக்கும் ஒரே கோப்பை மட்டும் விட்டுவையுங்கள், அதுவும் கட்டளை வரியில் வந்ததைப் படித்து லைப்ரரியை அழைப்பதோடு நிற்கட்டும். டெஸ்ட் புராஜெக்ட் லைப்ரரியை மட்டும் சுட்டட்டும், எக்ஸ்இயைச் சுட்டவே வேண்டாம். கோப்புகளை நகர்த்தும்போது அவற்றின் வரிசையைப் பழைய புராஜெக்டில் இருந்தபடியே வையுங்கள், எஃப் ஷார்ப்பில் முன்னால் உள்ள கோப்பு பின்னால் உள்ளதைப் பார்க்க முடியாது. இது அரை மணி நேர வேலைதான். கடை சிறியது, நிரலும் சிறியது, இரண்டு புராஜெக்ட் எதற்கு என்று தோன்றலாம். மூன்றே கோப்புகள் உள்ள நிரலுக்கும் இந்தப் பிரிப்பு தேவை என்றே சொல்வேன், ஏனெனில் இதை விட்டால் மற்ற வழிகள் எல்லாம் ஒவ்வொரு மதிப்பாக நினைவில் வைத்துக்கொண்டு காவல் காக்க வேண்டிய வழிகள்.

அந்த மற்ற வழிகளில் ஒன்றை மட்டும் வலுவாக மறுக்க விரும்புகிறேன். டெஸ்ட் தொடங்கும்போது மெயினை நாமே ஒருமுறை அழைத்துவிட்டால் போதுமே என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. அழைத்தால் மதிப்புகள் நிரம்பும் என்பது உண்மை. ஆனால் நிரலின் முழு வேலையும் கூடவே நடக்கும்: கோப்பு திறக்கும், பட்டியல் அச்சாகும், அடுத்த விசைக்காகக் காத்து நிற்கவும் செய்யும். அதோடு எக்ஸ்யூனிட் வெவ்வேறு வகுப்புகளில், அதாவது மாட்யூல்களில், உள்ள டெஸ்டுகளை இயல்பாகவே ஒரே நேரத்தில் ஓட்டும். மெயினை அழைக்கும் டெஸ்ட் முந்தினால் மற்றவை வெற்றி பெறும், பிந்தினால் விழும். இன்று பச்சை, நாளை சிவப்பு என்று மாறிக்கொண்டேயிருக்கும் டெஸ்டுகளை விடத் தொடர்ந்து விழும் டெஸ்டே மேல், அதில் குறைந்தது காரணத்தைத் தேட முடியும்.

லேசி மதிப்பாக, அதாவது கேட்கும்போதுதான் கணக்கிடப்படும் மதிப்பாக, மாற்றிவிட்டால் என்ன என்ற கேள்வியும் இயல்பாக வரும். எஃப் ஷார்ப்பில் அது பயன் தராது. மேல்மட்டத்தில் எழுதிய லேசி என்பதே நிரப்பப்பட வேண்டிய ஒரு பொருள். அதற்குள் இருக்கும் கணக்குதான் தள்ளிப்போடப்படுகிறது, உறை அல்ல. மெயின் ஓடாவிட்டால் உறையே நல்லாக இருக்கும். மாறாக, மதிப்பை வெற்று அடைப்புக்குறியை உள்ளீடாகக் கொள்ளும் ஃபங்ஷனாக்கினால் சிக்கல் தீரும், ஆனால் அழைக்கும் ஒவ்வொரு முறையும் மேப் புதிதாக உருவாகும். சிறிய மேப்புக்கு அது பொருட்டல்ல, கோப்பைப் படித்து உருவாக்கும் மேப்புக்குப் பொருட்டு.

உங்கள் நிரலைப் பொறுத்தவரை இதைவிட ஆழமான ஒரு மாற்றத்தைப் பரிந்துரைக்கிறேன். பூ விலை நாளுக்கு நாள் மாறுவது, ஒரே நாளிலேயே காலையில் ஒன்றாகவும் வரத்தைப் பொறுத்துச் சற்று நேரம் கழித்து வேறொன்றாகவும் இருப்பது. தைப் பொங்கலுக்கு முந்தைய நாட்களில் மல்லிகை விலை ஏறும் ஏற்றத்தை மதுரைக்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட விலையை மாட்யூலின் மேல்மட்டத்தில் நிலையான மதிப்பாக வைத்ததே பொருத்தமற்ற இடம். தொகை கணக்கிடும் ஃபங்ஷன், விலை மேப்பையும் கமிஷன் விகிதத்தையும் முகூர்த்தக் கூடுதலையும் தன் முதல் உள்ளீடுகளாகப் பெறட்டும், எடையும் பெயரும் அவற்றின் பின் வரட்டும். மெயின் கோப்பில் அன்றைய விலையைப் படித்து, முன் உள்ளீடுகளை ஒருமுறை நிரப்பி, மீதியுள்ள ஃபங்ஷனை மற்ற இடங்களுக்குக் கொடுங்கள். டெஸ்டில் நீங்கள் விரும்பும் மேப்பை நீங்களே எழுதிக் கொடுக்கலாம்: மல்லிகை மட்டும் உள்ள மேப், எதுவுமே இல்லாத மேப், முகூர்த்தக் கூடுதல் உள்ள நாள், இல்லாத நாள். மேல்மட்ட மதிப்பை நம்பியிருந்தவரை இவற்றில் ஒன்றைக்கூடச் சோதிக்க வழி இருந்திருக்காது. நல் வராமல் தடுப்பதற்காக இதைச் செய்தாலும், கிடைக்கும் பெரிய பயன் வெளியிலிருந்து எதையும் எடுக்காத ஃபங்ஷன்தான். அதுதான் ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் நாம் தேடி வந்த பொருள்.

ஸ்காலா என்ற மற்றொரு நிரல்மொழியில் எழுதும் நண்பர்களுக்கு இதே நோய் வேறு பெயரில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்காலா 2இல் ஓர் ஆப்ஜெக்ட், ‘ஆப்’ என்ற ட்ரெயிட்டை (மற்றவை நீட்டித்துக்கொள்ளும் பொது வார்ப்பை) நீட்டித்து எழுதப்பட்டிருந்தால், அதன் உடற்பகுதி முழுவதும் மெயின் அழைக்கப்படும் வரை தள்ளிவைக்கப்படும். டெஸ்டிலிருந்து அந்த ஆப்ஜெக்டில் ‘வால்’ (val) என்று அறிவித்த ஒரு மாறாத மதிப்பைக் கேட்டால் நல் வரும், எண்ணாக இருந்தால் 0 வரும். 2021இல் வெளியான ஸ்காலா 3இல் அந்தத் தள்ளிவைப்பு நீக்கப்பட்டுவிட்டது. ஸ்காலாவில் லேசி வால் உண்மையாகவே உதவும், ஏனெனில் அங்கே தள்ளிப்போடும் பொறுப்பு மதிப்பைக் கேட்கும் மெத்தடிலேயே இருக்கிறது. இரண்டு மொழிகளிலும் லேசி என்ற ஒரே சொல் இருப்பதால் ஒன்றின் தீர்வை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஸ்காலாவில் இன்னொரு வழியும் நல்லைக் கொண்டுவரும்: ட்ரெயிட் ஒன்றில் உடலில்லாத வால் ஒன்றை அறிவித்து, அதைக் கொண்டு அங்கேயே இன்னொரு வால் கணக்கிட்டு, டெஸ்ட் வகுப்பில் முதல் வாலுக்கு மதிப்புக் கொடுத்தால், தாய் ட்ரெயிட் முதலில் ஓடுவதால் அது இன்னும் பிறக்காத மதிப்பைப் படித்துவிடும். அங்கே உடலில்லாத வாலை, கேட்கும் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படும் டெஃப் (def) என்று அறிவித்து, டெஸ்ட் வகுப்பில் அதை டெஃப் ஆகவோ லேசி வால் ஆகவோ கொடுப்பது வழக்கமான பரிகாரம்.

பிரித்த பிறகும் நல் வந்தால் வேறு மூன்று நான்கு இடங்களைப் பாருங்கள். தானே பல உள்ளீடுகளை உருவாக்கிச் சோதிக்கும் எஃப்எஸ்செக் என்ற கருவி கொண்டு பண்புச் சோதனை எழுதினால், பூவின் பெயராக அது உருவாக்கிக் கொடுக்கும் சொற்களில் நல்லும் இருக்கலாம். நல் உங்கள் ஃபங்ஷனுக்கு உரிய உள்ளீடே அல்ல என்றால் நான்நல் என்ற உறை வகையைக் கேளுங்கள். டெஸ்டில் உண்மையான பொருளுக்குப் பதிலாக நிற்கும் மாக் பொருள்களிடம் நீங்கள் சொல்லிக் கொடுக்காத மெத்தடை அழைத்தால் அவை வகையின் இயல்பு மதிப்பைத் திருப்பும். எஃப் ஷார்ப் லிஸ்ட்டை அவை அறியாததால் வெறும் லிஸ்ட் வராது, நல் வரும். ஃபங்ஷனல் நிரலில் இண்டர்ஃபேஸுக்கு மாக் செய்வதை விட ஒரு ஃபங்ஷனை உள்ளீடாகக் கொடுத்துவிடுவது எளிது என்பதால் மாக் கருவியே பெரும்பாலும் தேவைப்படாது. தரவைப் பரிமாறப் பயன்படும் ஜேசன் (JSON) வடிவக் கோப்பில் ஒரு புலம் விடுபட்டிருந்தால், ரெக்கார்டின் அந்தப் புலம் நல்லாக உருவாகலாம். நல் வரவே முடியாது என்று வகை சொல்லும் இடத்தில் வெளியிலிருந்து நல் நுழையும் வாசல் இதுதான், ஆகவே படித்தவுடன் ஒரே இடத்தில் சரிபார்த்து, வெற்றியா பிழையா என்று சொல்லும் ரிசல்ட் வகையாக மாற்றிவிடுங்கள். அர்ரேயை (வரிசையான இடங்களின் தொகுப்பை) ஜீரோகிரியேட் என்ற ஃபங்ஷன் கொண்டு உருவாக்கினால், ரெஃபரன்ஸ் வகைகளுக்கு இடங்கள் எல்லாம் நல்லாகவே தொடங்கும்.

எஃப் ஷார்ப் 9 பதிப்பில், 2024 நவம்பரில், நல் வரக்கூடிய வகைகளைத் தனியே குறித்துக் கம்பைலரே எச்சரிக்கும் வசதி வந்தது. ஜேசன், சி ஷார்ப் லைப்ரரிகள் ஆகியவற்றின் எல்லையில் அது மிகப் பயனுள்ளது, புராஜெக்ட் கோப்பில் அதை இயக்கி வையுங்கள். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் நல்லை அது கண்டுபிடிக்காது. விலை மேப்பின் வகை நல் அல்லாதது என்றுதான் எழுதப்பட்டுள்ளது, அந்த எழுத்தில் பொய்யில்லை. நிரப்பும் வேலை நடந்ததா என்பது வகையைப் பார்த்து அறியக்கூடியதன்று.

டெஸ்டுக்கான மாதிரித் தரவுகளையும் டெஸ்ட் புராஜெக்டின் மேல்மட்டத்தில் மதிப்புகளாக வைக்காமல் ஃபங்ஷன்களாக வையுங்கள். டெஸ்ட் புராஜெக்டும் தனக்கென மெயின் உள்ள எக்ஸ்இ ஆகக் கம்பைல் ஆகும் அமைப்புகள் உண்டு, அங்கும் இதே கவனம் தேவை.

லைப்ரரியாகப் பிரித்து முடித்ததும், இதுவரை வெற்றி பெற்றுவந்த டெஸ்டுகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டுங்கள். நல் எக்ஸெப்ஷனால் விழுந்தவை எழுந்து நிற்கும், அவற்றைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அதே ஓட்டத்தில் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும் டெஸ்டுகள் ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை உடனே திருத்திவிடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்: நிரம்பாத 0ஐயோ, நன்னையோ சரியான விடை என்று அவை இத்தனை நாள் உறுதி கூறி வந்திருக்கின்றன. அவற்றில் எழுதியுள்ள எதிர்பார்ப்புத் தொகையைக் கடையின் பழைய சீட்டுகளோடு கையால் கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே மாற்றுங்கள்.